பின்னால் வந்தவரின் வெளிச்சம்

என் காரின் டெயில் லைட்டுகளுக்கு நானே கருப்புப் பெயின்ட் அடித்தேன். அதனால் ஓர் இளைஞர் ஏற்காட்டு மலைப்பாதையில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். தப்பு அவருடையது என்று கூடி நின்றவர்கள் சொன்னபோது நான் மறுக்கவில்லை. பிறகு, சேதத்துக்கென்று அவர் வீட்டாரிடம் பணமும் வாங்கிக்கொண்டேன். சட்டம் என்னைத் தேடி வரவில்லை. அந்தத் தம்பியிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று அவரைக் குற்றவாளி ஆக்கியது நாலு பேர் பார்க்க நடந்தது. நான் ஒப்புக்கொள்வதும் நாலு பேர் பார்க்க நடப்பதுதான் நியாயம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர் வேலை எனக்கு. ஆள் கணக்கு, உரக் கணக்கு, மிளகு எடை எல்லாம் என் பொறுப்பு. சேலத்துக்கு அடிக்கடி இறங்கவேண்டி இருந்ததால் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கினேன். கருப்பு வண்டி. கருப்பின் மேல் அப்போது எனக்கு அப்படியொரு மோகம். வாங்கிய கையோடு கண்ணாடிகளுக்கெல்லாம் கருப்பு ஃபிலிம் ஒட்டினேன். 2012 ஏப்ரல் 27 அன்று, அவிஷேக் கோயங்கா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம் ஒளியை உள்ளே விடவேண்டும். அந்த அளவு தயாரிப்பிலேயே அமைந்திருக்க வேண்டும், அதன்மேல் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்றது தீர்ப்பு. அந்தக் கோடையில் போலீசார் வண்டிகளை நிறுத்தி ஃபிலிமைக் கிழித்தார்கள். என் வண்டியிலும் கிழித்தார்கள். கண்ணாடியில் போன கருப்பை வேறெங்காவது கொண்டுவந்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. ஒருநாள் சேலம் ஐந்து ரோட்டில் எனக்கு முன்னால் நின்ற கார் ஒன்றின் பின்விளக்குகள் கறுத்திருந்தன. வண்டியின் நிறமும் விளக்கின் நிறமும் ஒன்றாகி, பின்பக்கம் முழுவதும் ஒரே வார்ப்பாகத் தெரிந்தது. பச்சை விழுந்த பிறகும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடையில் விசாரித்தால் மூன்று வழி சொன்னார்கள். 'ஸ்மோக்' ஃபிலிமைச் சூடு காட்டி இழுத்து ஒட்டலாம், ஆனால் ஓரம் பிரியும். ஸ்மோக் நிறத்திலேயே வரும் முழு விளக்கை வாங்கி மாட்டலாம், விலை கட்டாது. ஸ்ப்ரே அடிக்கலாம். நான் ஸ்ப்ரே டப்பாவோடு மலையேறினேன். டிக்கியைத் திறந்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, பல்பு சாக்கெட்டைத் திருகி எடுத்துவிட்டால் விளக்கு முழுசாகக் கையோடு வந்துவிடும். அதை வாட்டர் பேப்பரால் தேய்த்து மினுமினுப்பைப் போக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஒரு முழம் தள்ளி நின்று மெல்லிசாக ஒரு கோட். காய்ந்ததும் மேலே கிளியர் கோட். மலையின் ஈரக்காற்றில் பெயின்ட் லேசில் காயவில்லை. முதல் கோட்டில் விளக்கு பழுப்பு கலந்த சிவப்பாக வந்தது. அது எனக்குப் போதவில்லை. இன்னொரு கோட் அடித்தேன். எரியாதபோது விளக்கே இல்லாதது போலத் தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை. எரிகிற நேரத்தில் அந்த விளக்கு யாருக்குத் தேவைப்படும் என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை.

இருட்டிய பிறகு ஷெட்டுக்குள் வண்டியை வைத்து, பிரேக் பெடலுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தேன். சிவப்பு தெரிந்தது. நன்றாகத்தானே எரிகிறது என்று திருப்தியோடு கதவைச் சாத்தினேன். அது எவ்வளவு மோசமான சோதனை என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கும்மிருட்டில், ஐந்தடி தூரத்தில், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு எந்த விளக்கும் பிரகாசமாகத்தான் தெரியும். ஒளி பாதியாகக் குறைந்தாலும் கண் அதைப் பாதியாக உணராது, ஏதோ கொஞ்சம் மங்கியது என்றுதான் சொல்லும். பட்டப்பகல் வெயிலிலும் பனிக்குள்ளும் நாற்பது மீட்டர் தள்ளியும் நின்று பார்த்திருந்தால் எனக்கு உண்மை தெரிந்திருக்கும்.

கணக்கு எளிதானது. ஒரு கோட் பெயின்ட் பாதி ஒளியை விழுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோட் முக்கால் பங்கை விழுங்கும். பின்விளக்குகளுக்கு ஐரோப்பிய ஒழுங்குமுறை ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. எப்போதும் எரியும் டெயில் லைட் நேர் பின்னால் 4 கேண்டெலாவாவது தரவேண்டும், பிரேக் லைட் 60 கேண்டெலாவாவது தரவேண்டும். இரண்டுக்கும் இடையே பதினைந்து மடங்கு வித்தியாசம். ஒரே சிவப்பில் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டியிருப்பதால்தான் இந்த இடைவெளி. பல்பு வைத்த பழைய வண்டிகளில் ஒரே பல்புக்குள் 5 வாட் இழை ஒன்றும் 21 வாட் இழை ஒன்றும் இருப்பதும் இதற்காகத்தான். 60 கேண்டெலா தரும் பிரேக் லைட்டில் நான் அடித்ததுபோல் இரண்டு கோட் அடித்தால் மிஞ்சுவது 15. அந்த 15-ஐத் தனியாகப் பார்ப்பவருக்கு அது சாதாரண டெயில் லைட். அப்படியானால் என் டெயில் லைட்? பனியில் அது இல்லவே இல்லை. நான் பிரேக்கை மிதிக்கும்போது, பின்னால் வருபவருக்கு "முன்னால் ஒரு வண்டி போகிறது" என்ற செய்திதான் போய்ச் சேர்ந்திருக்கும். "நிற்கிறது" என்பது போயிருக்காது.

ரிஃப்ளெக்டர் கதை இன்னும் மோசம். விளக்குக்குள்ளேயே இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் தன் ஒளியில் எரிவதல்ல, பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட்டை வாங்கித் திருப்பி அனுப்புவது. ஒளி பெயின்டைக் கடந்து உள்ளே போய், மறுபடி பெயின்டைக் கடந்து வெளியே வர வேண்டும். கால் பங்கு ஒளி உள்ளே போனால் அதில் கால் பங்குதான் வெளியே வரும், அதாவது பதினாறில் ஒரு பங்கு. பல்பு செத்துப்போன நேரத்திலும் வண்டியைக் காட்டிக்கொடுக்கும் கடைசிக் காவல் அது. அதையும் நான் மூடிவிட்டேன்.

அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஒருநாள் சாயங்காலம் என் மனைவி ஸ்கூட்டியில் எனக்குப் பின்னால் வந்தாள். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நான் நின்றபோது கிட்டத்தட்ட இடிக்கப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, நீங்க பிரேக் போட்டதே தெரியலைங்க. அந்தக் கருப்பை எடுத்துடுங்க" என்றாள். "தூரமா வந்தா எல்லாம் தெரியும்" என்றேன். அவள் விடவில்லை. "பனி இறங்கினா தூரமா வர்றவங்களுக்கும் தெரியாதுங்க." அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. ஆக, எனக்குச் சொல்லப்பட்டது. என் வீட்டிலேயே, முகத்துக்கு நேராக, காரணத்தோடு சொல்லப்பட்டது.

மனசுக்குள் ஒரு நியாயமும் வைத்திருந்தேன். ஹெட்லைட்டின் நடுவில் போலீசாரே கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, முன்விளக்கில் அவர்கள் ஒட்டினால் சரி, பின்விளக்கில் நான் அடித்தால் தப்பா என்று. முன்விளக்கின் கருப்பு எதிரே வருபவரின் கண் கூசாமல் இருக்க ஒட்டப்படுவது. டெயில் லைட் யார் கண்ணையும் கூசவைப்பதில்லை. இரண்டும் ஒன்றாகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், எனக்கு விளங்கிக்கொள்ள மனமில்லை. வண்டி விளக்குகளை ஒரு நாடே சேர்ந்து மங்கவைத்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் விமானங்களுக்குப் பயந்து பிரிட்டனில் தெருவிளக்குகளை அணைத்து வண்டி விளக்குகளுக்கு மூடி போட்டார்கள். 1941இல் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் 9,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெட்ரோலுக்கு ரேஷன் இருந்தும், அந்நாட்டின் சாலை வரலாற்றிலேயே அதிகம் பேர் இறந்த ஆண்டு அதுதான். அவர்களுக்காவது தலைக்கு மேல் குண்டு இருந்தது.

எதிர்த்திசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1974இல் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோவில் டாக்சிகளின் பின் கண்ணாடிக்குக் கீழே கூடுதலாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்திப் பார்த்தார். பின்னாலிருந்து இடிபடுவது அந்த டாக்சிகளில் பாதிக்கு மேல் குறைந்தது. 1986 மாடல் கார்களிலிருந்து அமெரிக்கா அந்த மூன்றாவது விளக்கைக் கட்டாயமாக்கியது. என் வண்டியில் மூன்றாவது விளக்கு கிடையாது. ஒரு விளக்கைக் கூட்டினால் உயிர் பிழைக்கும் என்று ஒருவர் தேடிப்போன இடத்தில், இருந்த இரண்டையும் நான் அணைத்திருக்கிறேன்.

எங்கள் மலைப்பாதை தெரியாதவர்களுக்காக: சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வெயில் கொளுத்தும்போது 1,500 மீட்டர் உயரத்தில் ஊர் பனிக்குள் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் பள்ளத்திலிருந்து பனி எழும்பி வந்து பாதையை மூடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். மேல் வளைவில் தெளிவாக இருந்த பாதை கீழ் வளைவில் காணாமல் போயிருக்கும். பனித்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் விளக்கின் வெளிச்சம் தூரத்தோடு மளமளவென்று தேயும். அடர்ந்த பனியில் விளக்கைக் கால் பங்காக்கினால் அது தெரியும் தூரம் கால் பங்காகிவிடாது, சில மீட்டர்கள்தான் குறையும். ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் பைக் ஒரு விநாடியில் எட்டு மீட்டர் கடக்கிறது. பிரேக்கில் விரல் வைக்கவே அந்த ஒரு விநாடி வேண்டும்.

அது ஒரு கார்த்திகை மாதச் சாயங்காலம். சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து பஸ் ஒன்று வளைவை அகலமாக எடுத்து ஏறியது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. நான் முறைப்படி ஓரம் கட்டி நிறுத்தினேன். அடுத்த நொடி பின்னால் இடி. இறங்கிப் பார்த்தால் பைக் சரிந்து கிடக்கிறது, ஓர் இளைஞர் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பாதையில் உட்கார்ந்திருக்கிறார். ஹெல்மெட் போட்டிருந்தார். குடித்திருக்கவில்லை, வேகமாகவும் வந்திருக்கவில்லை. வேகமாக வந்திருந்தால் தடுப்புச் சுவரைத் தாண்டிப் போயிருப்பார். மலைக்கிராமத்துப் பையன், சேலத்தில் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். "அண்ணா, நீங்க பிரேக் போட்டது தெரியலைங்கண்ணா" என்றார். என் மனைவி சொன்ன அதே வாக்கியம்.

"பின்னாடி வர்றவன்தான் பார்த்து வரணும்" என்றேன் நான்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நம் சாலைகளில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: பின்னால் வந்து இடித்தவன் மேல்தான் தப்பு. எழுதிய விதியும் முன்னால் போகும் வண்டிக்குப் போதிய இடைவெளி விட்டு வரவேண்டும் என்றுதான் சொல்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் என் பக்கம் பேசினார்கள். டிக்கி கதவு நசுங்கி, பம்பர் பிளந்து, இடது பக்க விளக்கு சில்லுச் சில்லாகக் கிடந்தது. சில்லுகளின் உடைந்த ஓரம் சிவப்பாகவும் மேல்பக்கம் கருப்பாகவும் இருந்தன. நான் குனிந்து அவற்றைப் பொறுக்கினேன். வேறு வண்டியின் டயரில் குத்திவிடாமல் இருக்கப் பொறுக்குகிறேன் என்று நினைத்து, ஒரு பெரியவரும் உதவிக்கு வந்தார். நான் பொறுக்கியது சாட்சியத்தை.

தம்பியை நானே என் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். "போலீசுக்கெல்லாம் போக வேண்டாம், பையன் வாழ்க்கை கெட்டுடும்" என்றேன். "இன்சூரன்சும் வேண்டாம், நோ கிளெய்ம் போனஸ் போயிடும், நமக்குள்ளயே பேசி முடிச்சிக்கலாம்" என்றேன். கேட்டவர்களுக்கு நான் பெருந்தன்மையான ஆளாகத் தெரிந்தேன். போலீஸ் வந்தால் மறுபக்க விளக்கைப் பார்ப்பார்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தால் அதைப் படம் எடுப்பார். அந்தப் பயத்தில்தான் அத்தனை பெருந்தன்மையும். வழக்குப் பதிவாகியிருந்தால் என் வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து அந்தத் தம்பி இழப்பீடு கேட்டிருக்க முடியும். அந்த வழியையும் அவருக்குத் தெரியாமலே நான் அடைத்துவிட்டேன். இத்தனையிலும் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். பெயின்ட் அடித்தபோது எனக்கு இருந்தது ஆசை. இதைச் செய்தபோது இருந்தது முழுப் புத்தி.

மறுநாளே சேலத்தில் புது விளக்குகள் இரண்டு வாங்கி மாட்டினேன். அவர் அப்பா தோட்டத்துக்கு வந்து, "மிளகு பறிச்சதும் தந்துடறோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தை பிறந்து மிளகு பறிப்பு முடிந்து, சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். டிங்கரிங் செலவு, பெயின்ட் செலவு, விளக்கின் விலை எல்லாம் சேர்த்து வாங்கினேன். நான் கருப்படித்துக் கெடுத்த விளக்குக்கும் புது விளக்கின் விலை. என் மனைவி உள்ளறையில் இருந்தாள். அன்றிரவு அவள் என்னோடு பேசவில்லை, எதையும் கேட்கவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்போது நான் பார்க்கவில்லை, பிறகுதான் பார்த்தேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆம் விதி, காரின் பின்விளக்கு 155 மீட்டர் தூரத்துக்குச் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பின்னால் வந்து இடித்த வழக்குகளிலும், முன்னால் நின்ற வண்டியில் விளக்கு சரியில்லை என்றால் அதன் பங்குக்கும் பொறுப்பைப் பிரித்துவைக்கும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் இருக்கிறது. பின்னால் வந்தவன் மேல்தான் தப்பு என்பது பஸ் நின்ற இடத்தில் செல்லுபடியாகும், நீதிமன்றத்தில் அப்படியே ஆகாது. இவையெல்லாம் எனக்கு அன்று தெரிந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். இன்னும் கவனமாக மறைத்திருப்பேன். அன்றைய என்னை எனக்குத் தெரியும்.

சொல்ல வைத்தது சட்டம் அல்ல. ஒரு மிளகுப் பறிப்பு சமயத்தில் அந்தத் தம்பியின் ஊர்ப் பக்கம் போகவேண்டி வந்தது. எங்கள் மலையில் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் படர்ந்திருக்கும். ஏணியைச் சாத்தி ஏறி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பறிக்க வேண்டும். அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே ஏறியிருந்தவர் அவர் அப்பா. கேட்டதற்கு, "மணிக்கட்டு முழுசா மடங்காதுங்கண்ணா, பிடி நிக்காது" என்றார். இளவயசுக்காரர் கீழே, முதியவர் மேலே. நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மனைவியிடம் முதலில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன்.

விளக்குக்குப் பெயின்ட் அடித்திருந்தேன், அதனால்தான் உனக்குத் தெரியவில்லை, உன் மேல் தப்பில்லை என்று அவர் அப்பா முன்னிலையில் சொன்னேன். வாங்கிய பணத்தையும் வைத்தியச் செலவுக்கென்று அதற்கு மேல் கொண்டுபோனதையும் முன்னால் வைத்தேன். பெரியவர் பணத்தை எடுத்து எண்ணிப் பார்த்து மடியில் கட்டிக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. தம்பிதான் பேசினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணா. கீழ விழுந்து கிடக்கறப்பவே பார்த்தேன், லைட்டு கருப்பா இருந்துச்சு. நான் சொன்னா அங்க யாருண்ணா கேட்டிருப்பாங்க?"

அவர் மறைக்கவில்லை, ஏமாறவும் இல்லை. காரில் வந்தவனும் பைக்கில் வந்தவனும் பேசினால் கூட்டம் யார் பேச்சைக் கேட்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. அதை நம்பித்தான் நான் அன்று வாயைத் திறந்தேன்.

அந்தத் தம்பியின் கையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. கோடை விழாக் கூட்டத்திலும் சனி ஞாயிறுகளிலும் கருப்பு விளக்கோடு ஏறும் வண்டிகளை இன்றும் பார்க்கிறேன். நிறுத்திப் பேசினால் சிலர் கேட்கிறார்கள், சிலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறார்கள். இதைப் படிப்பவர்களில் யாராவது விளக்கில் பெயின்டோ ஃபிலிமோ வைத்திருந்தால் ஒன்று செய்யுங்கள். ஷெட்டுக்குள் பார்க்காதீர்கள். நடுப்பகலில், வேறொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, 155 மீட்டர் நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். ஃபிலிம் என்றால் உரித்துவிடுங்கள். பெயின்ட் என்றால் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், விளக்கின் மேல்மூடி அக்ரிலிக், அதில் மயிரிழை வெடிப்புகள் விழுந்து இன்னும் மங்கிவிடும். புது விளக்கு வாங்கி மாட்டுங்கள். கழற்றியதைப் பழைய சாமான் கடையில் போடாதீர்கள், அங்கிருந்து அது இன்னொரு வண்டிக்குப் போகும். உடைத்துப் போடுங்கள்.